சுங்கான் பழகும்வரை

என் மாமனாரின் வாயில் இருப்பது புற்று என்று டொக்டர் சொன்ன நாளில், எங்கள் அடுப்பங்கரைப் பலகையில் ஒரு பிஸ்கட் டின் நிறையச் சுங்கான்கள், புகையிலை குடிக்கிற குழாய்கள், இருந்தன. மரத்தில், மண்ணில், சிரட்டையில், பித்தளையில். எதில் குடித்தால் புகையிலை எப்படி ருசிக்கும் என்று அந்த மனுஷனைக் கேட்டால் ஒரு மத்தியானம் முழுக்கச் சொல்வார். அத்தனை ருசி தெரிந்த நாக்குக்குத் தன்மேல் வந்திருப்பது என்ன என்று மட்டும் தெரியவில்லை. சுங்கான் சரியில்லை, சுங்கான் சரியில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் கஹவத்தைக்கு மேலே இருக்கிறது. கீழே ரப்பர், மேலே தேயிலை. லயத்து வரிசை வீட்டில் மாமா, அத்தை, நான் என்று மூன்று பேர். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒரு தடவை பையோடு வந்து இறங்குவார். எனக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் விட்டுப்போகும் குழந்தைகளை அவர்கள் திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்வது.

மாமா வேலையிலிருந்து நிற்கும்வரை தொரை பங்களாவில் பூந்தோட்டம் பார்த்தவர். லயத்தில் மற்ற ஆண்கள் பீடி குடித்தார்கள், வெற்றிலை போட்டார்கள். இவருக்கு மட்டும் சுங்கான். அது கைக்கு வந்த கதையைப் பெருமையாகச் சொல்வார். அப்போதிருந்த தொரை மாற்றலாகிப் போகும்போது தன் சுங்கானை இவர் கையில் வைத்து, "எனக்கு டொக்டர் வேணாம்னுட்டாரு, நீ வச்சுக்க" என்றாராம். தொரைக்கு அவ்வளவு பெரிய மனசு என்பார் மாமா. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தனக்கு ஆகாது என்று டொக்டர் சொன்ன சாமானைத் தோட்டக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போவதற்குப் பெயர் பெரிய மனசா?

கஹவத்தைச் சந்தையில் வெற்றிலைக்கென்று விற்கிற புகையிலையை வாங்கி வருவார். நரம்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, கித்துல் பனையின் வெல்லப் பாணியை விரலில் தொட்டுப் பிசைந்து, ஒரு ஜாம் போத்தலில் அடைத்து வைப்பார். அது ஊறுகிற வாசம் வீடு முழுக்க இருக்கும். அந்த வாசம் எனக்கும் பிடிக்கும் என்பதை மறைக்க முடியாது.

தொரையின் சுங்கான் என்ன மரம் என்று யாருக்கும் தெரியாது. சீமை மரம் என்பார். அதில் மரத்தின் ருசியே வராதாம், புகையிலையும் பாணியும் மட்டும் நாக்கில் நிற்குமாம். வருஷக்கணக்கில் குடித்து அதன் அடிப்பக்கம் எரிந்து ஓட்டை விழுந்தபோது நான் கல்யாணமாகி வந்த புதிது. அன்றைக்கு அவர் இழவு வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தார். அத்தை வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "ஒங்க மாமாவுக்கு மூத்த சம்சாரம் செத்துப்போச்சு" என்றார்.

அதற்குப் பிறகு தொடங்கியதுதான் இந்த ஆராய்ச்சி. கண்ட கட்டையையும் குடைந்தார். மூங்கில் பச்சை வாசம் அடித்தது, கொஞ்ச நாளில் விளிம்பு கருகி உதிர்ந்தது. சிரட்டையில் எண்ணெய் காறியது. ரப்பர் கட்டையில் ஒரே ஒரு தடவைதான் குடித்தார். செருப்பைக் கொளுத்தியது போல லயமே நாறியது, அத்தை பிடுங்கி வாசல் சாக்கடைக் கானில் எறிந்துவிட்டார். காம்புக்குப் பேனாக் குழலைச் செருகிப் பார்த்தார், பிளாஸ்டிக் வாடை. பப்பாளித் தண்டைக் காயவைத்துச் செருகினார், அது ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு கசந்தது.

கடைசியில் மண்ணுக்கு வந்து சேர்ந்தார். பலாங்கொடைப் பாதையோரத்தில் சட்டி பானை சுடுகிற ஒரு சிங்களக் குடும்பம் இருந்தது. அவர்களிடம் உட்கார்ந்து சிங்களத்தில் அரட்டையடித்துச் சின்னதாக ஒன்று செய்வித்துக்கொண்டு வந்தார்.

"மண்ணு பொய் சொல்லாதும்மா. பொகையில என்ன ருசியோ அதத்தான் குடுக்கும். மரம்னா தன்னோட ருசியையும் கொஞ்சம் கலந்துரும்" என்று எனக்குச் சொன்னார்.

"அது கைய சுடுதே மாமா."

"உண்மையின்னா சுடத்தான் செய்யும்" என்று சிரித்தார்.

மரச் சுங்கான்களுக்கு அவர் வைத்திருந்த ஒரு முறையை இங்கே சொல்லியாக வேண்டும். புதுச் சுங்கானை உடனே குறை சொல்லக்கூடாது. உள்பக்கம் பாணி தடவி, பாதி அளவு புகையிலை போட்டு, மெதுவாக, தினமும் குடிக்க வேண்டும். உள்ளே மெல்லக் கரி கட்டிக்கொண்டு வரும். அந்தக் கரிதான் மரத்தையும் புகையிலையையும் பிரித்து வைக்கிறது. அதுவரை நாக்கு எரியும், கசக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பழக்குவது என்று பெயர். ஒரு சுங்கான் பழக ஒரு மாதமாவது ஆகும். "பழகினா சரியாயிரும்" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். என் கல்யாணத்தின்போது நான் புகுந்த வீட்டில் அழுதுகொண்டிருந்தபோதும் இதையேதான் சொன்னார். அந்த விஷயத்தில் அவர் சொன்னது சரியாகவும் இருந்தது.

முதலில் மாறியது சாப்பாடுதான். ஒருநாள் தேங்காய்ச் சம்பலை வாயில் வைத்தவர் காரம் தாங்காமல் தட்டைத் தள்ளிவிட்டார்.

"ஏம்மா, கொச்சிக்காய அள்ளிக் கொட்டிட்டியா?"

"நேத்துப் போட்டதுல பாதிதாங்க மாமா."

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு நாக்கின் இடதுபக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். அங்கே ஒரு புண். மண் சுங்கான் சுட்டுவிட்டது என்றார். கேட்டதும் எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. கையைச் சுடுகிற சாமான் நாக்கைச் சுடாதா? அத்தை நெய் தடவச் சொன்னார். நான் உப்புத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். இவர் புண்ணில் கித்துல் பாணி வைத்தார். கொஞ்ச நாள் கழித்து, மண்ணில் குடித்தால் உப்புக் கரிக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். அந்தக் குடும்பம் இந்தத் தடவை வேறு குழியில் மண் எடுத்திருக்கிறது என்று முடிவும் செய்துவிட்டார். பொய் சொல்லாத மண் அன்றோடு பொய்யாகிப்போனது.

அந்தச் சமயம் மேல்மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக்கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். கங்காணியிடம் கேட்டு ஒரு தூர்க்கட்டையை வாங்கி வந்தார். தேயிலைக் கட்டை இரும்பாக இருக்கும். பெக்டரியில் வேலை செய்கிற ஒரு பையன் துளை போட்டுக் கொடுத்தான். இழுத்தால் ஒரே கசப்பு. இன்னும் பழகவில்லை என்றார். ஒரு மாதம் பொறுத்தார். கசப்புப் போகவில்லை, புண்ணும் ஆறவில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டுக் கொய்யா வேரை எடுத்தார். அது துவர்த்தது. அதற்கும் ஒரு மாதம். என் வீட்டுக்காரர் புறக்கோட்டை நடைபாதைக் கடையில் பளபளவென்று ஒன்று வாங்கி வந்தார், அப்பாவுக்குப் பரிசு. மாமா இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, "தகரத்தச் சப்புற மாதிரி இருக்குடா" என்றார். ஆனாலும் மகன் வாங்கி வந்தது என்று அதையும் பழக்கினார். பிறகு தண்ணீர்க்குழாய் மூட்டில் செய்த பித்தளை.

லயமே கூடி உதவி செய்தது. ஒருவர் பலாக்கட்டை கொண்டு வந்தார், இன்னொருவர் கித்துல் மட்டை. மாலையில் வாசலில் உட்கார்ந்து, எது கசக்கிறது, எது காறுகிறது என்று பேசிச் சிரிப்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் ஒவ்வொரு புதுச் சுங்கானும் அந்தப் புண்ணுக்கு ஒரு மாதம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. மரம் பழகும் என்று நாங்கள் காத்திருந்தோம். புண் உள்ளே வேர் விட்டுக்கொண்டிருந்தது.

பிள்ளைக்காம்பராவுக்குக் குழந்தைகளின் பல்லைப் பார்க்க ஒரு டொக்டர் வந்தார். சின்ன வயசுச் சிங்களப் பெண். மாமா அன்றைக்கு அங்கே கேட்டின் கீலைச் சரிசெய்துகொண்டிருந்தார். குழந்தைகள் முடிந்ததும், மாமாவின் சூட்டுப் புண்ணுக்குப் பூச ஏதாவது மருந்து தருவாரா என்று நான்தான் கேட்டேன்.

"தாத்தே, கட அரின்ன பலன்ன" என்று வாயைத் திறக்கச் சொன்னார் டொக்டர்.

மாமா திறந்தார். டொக்டர் கையுறை போட்ட விரலால் நாக்கைத் தூக்கிப் பார்த்தார், பிறகு தாடைக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டார். அவ்வளவுதான், இவருக்கு ஆள் கிடைத்துவிட்டது. மண் எப்படிச் சுடும், தேயிலைக் கட்டை ஏன் கசக்கிறது, பித்தளையில் அடியில் எப்படித் தண்ணீர் கோர்க்கும் என்று நல்ல சிங்களத்தில், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். இப்போதிருப்பது பழகிவிட்டால் புண் ஆறிவிடும் என்றும் சொன்னார். டொக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டு, நாளைக்கே இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்.

"நாளைக்கேங்களா?"

"நாளைக்கே. இது சூட்டுப் புண் இல்லை."

இரத்தினபுரியில் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். அங்கிருந்து கொழும்புப் பக்கம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கழுத்திலும் இறங்கிவிட்டது, நாக்கில் பாதிக்குமேல் எடுக்க வேண்டும் என்றார்கள். மாமா ஒரே கேள்விதான் கேட்டார், மிச்சம் இருப்பதில் ருசி தெரியுமா என்று. உயிர் நிற்கிறதா என்று முதலில் பார்ப்போம் என்றார் அங்கிருந்த டொக்டர்.

ஆபரேஷனுக்கு முதல்நாள் மாலை வார்டில் நான்தான் அவர் பக்கத்தில் இருந்தேன். சொதியும் சோறும் குழைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். பார்வையாளர் நேரம் முடியப்போகிறது என்று மணி அடித்தது. நான் பையை எடுத்தேன்.

"ஏம்மா, அந்தத் தேயிலக் கட்ட இந்நேரம் பழகியிருக்கும்" என்றார்.

அவர் வாயிலிருந்து தெளிவாக நான் கேட்ட கடைசி வார்த்தை அது. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது, அப்படியே கட்டிக்கொண்டு அழவும் வேண்டும்போல இருந்தது. மருமகள் இரண்டையும் செய்ய முடியாது. சரிங்க மாமா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆபரேஷன், அதற்குப் பிறகு கரண்ட் பிடித்தல் என்கிற கதிர் வைத்தியம். வீட்டுக்கு வரும்போது பாதி ஆளாக இருந்தார். மூக்கு வழியாக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வயிற்றுக்கு இறங்கியிருந்தது. கஞ்சி, பால்மா, வடிகட்டிய பருப்புத் தண்ணீர் எல்லாம் அதில்தான். நான் ஊற்றும்போது அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருப்பார். எத்தனையோ சாமானைக் குடைந்து வாயில் வைத்துப் பார்த்த மனுஷனுக்கு வந்து சேர்ந்த கடைசிக் குழாய் அது. அதில் எந்த ருசியும் இல்லை. ஆனாலும் நான் ஒவ்வொரு தடவையும் உப்புப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினேன்.

ஒருநாள் பலகையில் இருந்த பிஸ்கட் டின்னைக் கையால் காட்டினார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னும் ஆசை விடலீங்களா?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டி, அடுப்பைக் காட்டினார். டின்னைக் கொண்டுவந்து மடியில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார், நான் அடுப்பில் வைத்தேன். கொய்யா, பலா, தொரையின் ஓட்டைச் சுங்கான். தேயிலைக் கட்டையை மட்டும் கொஞ்ச நேரம் மூக்கிடம் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார். மண்ணைத் தரையில் போட்டு உடைத்தார். உடைப்பதற்கே அவருக்கு இரண்டு தடவை வேண்டியிருந்தது, கையில் பலமில்லை. பித்தளை வேகவில்லை, அடுத்த நாள் சாம்பலோடு அள்ளிக் கொட்டினேன். அத்தை வாசலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்துக்கு முன்பே போய்விட்டார். வெயில் காலத்தில் செத்ததால் குழி தோண்டுகிறவர்கள் மண் இறுகிப்போயிருக்கிறது என்று அலுத்துக்கொண்டார்கள். எங்கள் வழக்கத்தில் செத்தவர் ஆசைப்பட்ட சாமானைப் பெட்டியில் வைப்பார்கள். சுங்கான் எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எரித்துவிட்டோம் என்றதும் ஊரே என்னைத்தான் பார்த்தது. ஒரு பெரியவர், தூரத்துச் சொந்தம், தன் மடியிலிருந்து ஒரு பீடிக்கட்டை எடுத்து வைக்க வந்தார்.

"வேணாங்க. அதுதாங்க அவரக் கொன்னுச்சு" என்றேன்.

"செத்த மனுசனுக்கு இனி என்னம்மா கெடுதி? ஆசைய அடக்கி அனுப்பக்கூடாது."

"நான் வைக்க விடமாட்டேங்க."

மருமகள் இப்படிப் பேசுவதை அந்த லயம் அதற்கு முன் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கடைசியில் அத்தை எழுந்து வந்து, ஒரு வெற்றிலையை மடித்துப் பாக்கும் சுண்ணாம்பும் வைத்து அவர் கைக்குள் செருகினார். புகையிலை வைக்கவில்லை. எனக்காகத்தான் வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன், அவர் மேல் அப்போது எனக்கு ரொம்பப் பிரியம் வந்தது.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, என் வீட்டுக்காரரும் கொழும்புக்குப் போய்விட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். காலையில் வேலைக்குப் போகுமுன் ஜன்னல் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அத்தையின் வெற்றிலைத் தட்டுப் பக்கத்தில் சுண்ணாம்பு டப்பாக்கள் மூன்று இருந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று ரோஸ், ஒன்று கொடகவெலக் கடையின் காகிதம் ஒட்டியது. மூன்றும் பாதி பாதியாக இருந்தன.

"என்னாங்கத்தே, இத்தன சுண்ணாம்பு?"

"ஒண்ணும் சரியில்ல புள்ள. இழவுக்கு முன்னுக்கே கடைக்காரன் மாத்திட்டான். இந்தப் பக்கம் எரியுது. மத்தது வாங்குனேன், அதுவும் எரியுது. இது கொஞ்சம் தேவல."

"எவ்வளவு நாளா எரியுது?"

"யாரு கணக்கு வச்சா? ஒங்க மாமா ஆஸ்பத்திரில கெடந்தப்பவே உண்டு." அவர் மூன்றாவது டப்பாவில் விரலை விட்டு எடுத்து, இலையில் தடவினார். "புதுச் சுண்ணாம்பு அப்படித்தான். பழகினா சரியாயிரும்."

நான் அந்த வெற்றிலையை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். மாமியார் கையிலிருந்து எதையும் பிடுங்கி எனக்குப் பழக்கமில்லை. போனில் டோர்ச்சைப் போட்டேன்.

"வெளிச்சத்துக்கு வாங்கத்தே. வாயத் தொறங்க."

"பைத்தியமா ஒனக்கு? எனக்கு ஒண்ணுமில்ல."

"தொறங்கன்னு சொல்றேன்ல."

அவர் திறந்தார். சிவந்துபோன பல்லுக்குப் பின்னால், வலது கன்னத்தின் உள்ளே, சுண்ணாம்பு அப்பியது போல ஒரு வெள்ளைத் திட்டு. விரலால் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. இன்னொரு தடவை துடைத்தேன். அத்தை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தபடி நின்றார், மூடச் சொல்லும்வரை மூடவில்லை.

மூன்று டப்பாவையும் கானில் எறிந்துவிட்டு, பிள்ளைக்காம்பராவுக்கு வரமுடியாது என்று போன் பண்ணிச் சொன்னேன். புடவையை மாத்துங்கத்தே, கீழே இரத்தினபுரிக்கு எட்டரை பஸ் இருக்கு என்றேன். மாமாவின் மேல்சட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்த ஆணிக்குப் பக்கத்திலிருந்து அத்தை தன் புடவையை எடுத்து உதறினார்.